கடலில் பாடிய கப்பல்கள்



இன்று ஒரு சின்ன சரித்திரப் பாடம். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உள்நாட்டு வானொலி என்றால் பி.பி.சி. மட்டுமே. இசைத்தட்டுகளை எவ்வளவு நேரம் ஒலிபரப்பலாம் என்பதற்கும் வரம்பு. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் என்று இளைஞர்கள் தவித்தாலும் நாள் முழுதும் கேட்க வழியில்லை.

1964 ஈஸ்டரில் ரேடியோ கரோலைன், கடல் எல்லைக்கு வெளியே கப்பலை நிறுத்திப் பாட்டு போட்டது. பின்னாலேயே வேறு கப்பல்களும் வந்தன. ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு 1967 ஆகஸ்டில் இதைத் தடுக்கச் சட்டத்தை அமலாக்கியது. அலைவரிசைக் குழப்பம், கலைஞர்களுக்குப் போகாத ராயல்டி என்று அரசு சொன்ன காரணங்களிலும் நியாயம் உண்டு. ஆனால் செப்டம்பர் 30-இல் பி.பி.சி.யே ரேடியோ 1 தொடங்கியது. அதில் முதலில் பேசிய டோனி பிளாக்பர்ன் அதே கப்பல்களிலிருந்து வந்தவர்!

1970 பொதுத்தேர்தலில் 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தார்கள். ஒரு கப்பல் வானொலி வில்சனுக்கு எதிராகப் பிரசாரமே செய்தது. அவர் தோற்றார். பாட்டால்தான் தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன், காரணங்கள் பல. வென்ற கன்சர்வேடிவ் அரசு 1972-இல் தனியார் வானொலிக்குச் சட்டம் செய்தது. 1973-இல் உரிமம் பெற்ற நிலையங்கள் லண்டனில் ஒலித்தன.

கட்டுப்பாடே கூடாது என்பது என் கட்சியல்ல. மக்கள் ஏன் வேலி தாண்டுகிறார்கள் என்று விசாரித்த பிறகே அரசு வேலியை உயர்த்த வேண்டும். மாறுபட்ட கருத்து இருந்தாலும் எழுதுங்கள், மகிழ்ச்சியே.