போட்சி றேடார் நூதனசாலை உணர்த்தும் வரலாறு

இங்கிலாந்தின் கீழ்க்கரையிலே, சபோக் பகுதியில், போட்சி என்னும் கடலோரச் சிற்றூர் உளது. அங்கிருந்த றேடார் நிலையத்தின் வானலை செலுத்திய கட்டடம் இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. 360 அடி உயர்ந்து நின்ற உருக்குக் கோபுரங்கள் அகற்றப்பட்டுவிட்டன. கட்டடம் மாத்திரம் எஞ்சி நின்று பெரியதொரு வரலாற்றைக் காண்போர்க்கு உணர்த்துகின்றது.

வானலை விமானத்திற் பட்டு மீளும். மீளும் நேரத்தைக்கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். 1935 பெப்ரவரி 26 ஆந் திகதி, டவென்றி ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளைக்கொண்டு வாட்சன் வாட், வில்கின்ஸ் என்னும் இருவரும் 8 மைல் தூரத்து விமானத்தைக் கண்டறிந்தனர். 1936 இல் இவ்வாராய்ச்சி போட்சி மாளிகைக்கு மாறியது. மறுவருடம் அங்கு நிலையம் இயங்கலாயிற்று. 1939 இல் யுத்தம் மூளுமுன் கரைநெடுக இத்தகைய நிலையங்கள் சங்கிலிபோல் அமைந்தன.

1940 இல் பிரித்தானியாவைக் காத்தது றேடார் என்பர். அஃது உண்மையின் ஒரு பாதியே. நிலையங்கள் கண்டவை யாவும் தொலைபேசி வாயிலாக பென்ற்லி பிறையறித் தலைமையகத்தை அடைந்தன. ஒரு நிலையத்தின் செய்தி அயல் நிலையத்தின் செய்தியோடு ஒப்பிடப்பட்டது. தெளிந்த செய்தியே தேசப்படத்திற் குறிக்கப்பட்டுப் போர்விமானத் தளங்களுக்குச் சென்றது. ஓரொற்றன் கூற்றை மற்றோரொற்றனால் ஆராய்ந்து கொள்க என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியே இதுவாம். இவ்வொழுங்கை உருவாக்கியவர் தளபதி டௌடிங்.

ஒழுங்கு இல்லாவிடத்துக் கருவி பயன்படாது. 1941 டிசெம்பர் 7 ஆந் திகதி ஹவாய்த் தீவிலே, யப்பானிய விமானங்களை ஏறக்குறைய 130 மைலுக்கு அப்பாலே றேடார் காட்டிற்று. செய்தியைக் கேட்ட அதிகாரியோ அவை தம் நாட்டு விமானங்களென எண்ணி வாளாவிருந்தார். பேள் துறைமுகம் தீப்பற்றியது.

ஈழநாடும் இதனை அனுபவித்தது. 1942 ஏப்ரல் 4 ஆந் திகதி யப்பானியக் கப்பற்படை வருவதைக் கனடிய விமானி பேர்ச்சால் கண்டு அறிவித்தார். எனினும், மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று பகைவிமானங்கள் கொழும்பை அடைந்தபோது, இரத்மலானைப் போர்விமானங்கள் முன்னறிவித்தலின்றித் தரையிலே நின்றன. ஏப்ரல் 9 இல் திருக்கோணமலையிலோ றேடார் முன்னரே கண்டது. செய்தி உரிய வேளையிற் சென்றது. விமானங்களும் பகைவர் வருமுன் வானேறின. சேதம் நேர்ந்ததெனினும் காவலர் உறங்கிக் கிடக்கவில்லை.

காண்பது கருவியின் தொழில். கண்டதைத் தேர்ந்து, நம்பி, காலத்தே செயற்படுவது மாந்தர் கடன். போட்சிக்குச் செல்வோர் கற்று மீளவேண்டியது இவ்வுண்மையே.