‘சண்டாளன்’ என்னும் சொல்லின் வரலாறு

நம் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழ பேரத்தில் ஏமாற்றியவனையும், பேருந்தில் முதியவரைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தவனையும் மக்கள் ஒரே சொல்லால் ஏசுவர்: “சண்டாளன்!” பண்பற்றவன், ஈவிரக்கமில்லாதவன் என்பதே ஏசுவோர் கொள்ளும் பொருள். இளைஞர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளும் பொருளறியாது இச்சொல்லை வழங்குகின்றனர். ஆதலின் அதன் பிறப்பை அறிதல் வேண்டும்.

இது வடசொல். ‘சண்டம்’ எனில் கடுமை. அதனின்றே இது தோன்றிற்று என்பாருளர். ஆயினும் பழைய வடநூல்களில் இது ஒரு மக்கட் கூட்டத்தின் பெயராகவே வழங்குகிறது. மனுநூலின் 10ஆம் அத்தியாயம், சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தோரே சண்டாளர் எனக் கதை கட்டுகிறது. ஒரு பெருங்கூட்டம் முழுதும் இவ்வாறு தோன்றிற்று என்பதை அறிவுடையோர் நம்புவரோ? அவர்கள் ஊர்ப்புறத்தே வாழவேண்டும். உடைந்த கலத்தில் உண்ணவேண்டும். பிணத்தின் ஆடையை உடுத்தவேண்டும். நாயும் கழுதையுமே அவர்தம் செல்வம் என்றும் அந்நூல் விதிக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஇந்தியா வந்த சீனத் துறவி பாகியான், இம்மக்கள் நகருக்குள் நுழையும்போது கட்டையைத் தட்டி ஒலியெழுப்பினர் என்றும், அவ்வொலி கேட்டுப் பிறர் விலகினர் என்றும் எழுதிவைத்தார்.

யார் யாருக்குக் கொடுமை செய்தனர் என்பதை நோக்குக. கொடுமையைத் தாங்கியவர் பெயரே கொடியவனுக்குரிய வசைச்சொல்லாயிற்று! ‘புலையன்’ என்ற சொல்லுக்கும் இக்கதியே நேர்ந்தது.

வங்காளத்தில் இப்பெயரால் சுட்டப்பட்டோர் பல்லாண்டு முயன்று, 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ‘நாமசூத்திரர்’ எனப் பதிவாயினர். சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் வழி, 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அரசு ஆவணங்களில் ஏறிற்று. நம் அருகிலுள்ள சிதம்பரத்திலோ, 1916இல் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர், தில்லைக் கோயிலுள் புக இயலாது ஏங்கி நின்ற நந்தனாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பெயரை மாற்றுவது ஒரு வழி. இழிவுபடுத்தப்பட்டவர் பெயரையே பள்ளி வாயிலில் பெருமையுடன் எழுதுவது மற்றொரு வழி. பின்னதே எனக்கு உவப்பானது.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் ‘சண்டாளா’ என்ற பெயர் இன்றும் உள்ளது. அதனாலேயே 2024 சூலையில் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், திரைப்படத்திலும் பாட்டிலும் மேடையிலும் இச்சொல்லை இழிவாகவோ நகைச்சுவையாகவோ வழங்கலாகாது என்று பரிந்துரைத்தது. பட்டியலில் சாதிப்பெயராகவும் தெருவில் வசையாகவும் ஒரே சொல் நிற்கும்வரை, அப்பெயருடைய குடும்பத்துப் பிள்ளை சாதிச் சான்றிதழை எவ்வாறு தயக்கமின்றி நீட்டும்?