பாப்புன்யா பள்ளிச் சுவர்

ஆஸ்திரேலிய நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே உள்ளது பாப்புன்யா. பழங்குடியினரை வெள்ளையர் வாழ்க்கை முறைக்கு மாற்றக் கருதி அரசு அமைத்த குடியிருப்பு அது. 1971இல் அங்கு ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன், மாணவர்களைத் தம் மரபு வடிவங்களையே வரையத் தூண்டினார். அதுகண்ட காப்பா ஜாம்பிஜின்பா முதலிய பெரியோர், தம் தொன்மூதாதையாகப் போற்றும் தேனெறும்பின் கதையைப் பள்ளிச் சுவரில் தீட்டினர். சடங்குகளின்போது மணலிலும் மேனியிலும் வரையப்பட்டு வந்த வடிவங்கள் அவ்வாறு சுவரேறின.

1972இல் அவ்வோவியர்கள் பாப்புன்யா தூலா என்னும் தம் சொந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1974இல் அச்சுவரோவியம் சாயம் பூசி மறைக்கப்பட்டது. ஆயினும் கலை மறையவில்லை. பலகையிலும் துணியிலும் தொடர்ந்தது. கிளிஃபோர்டு போசம் 1977இல் தீட்டிய ‘வார்லுகுலாங்’ ஓவியத்தை, 2007இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 24 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஆசிரியர் திறந்தது கதவை மட்டுமே. உள்ளிருந்த செல்வம் அம்மக்களுடையது.