நான்கு ஓட்டங்களும் நாற்பது ஓட்டங்களும்

தை மாதம் மூன்றாம் நாள் அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கையில், காளைகளோடு பழைய வழக்கொன்றும் அவிழ்த்துவிடப்படுகிறது. அந்தக் காலத்து வீரர்கள் இன்று இறங்கினால் நிற்பார்களா, இன்றைய இளைஞர்கள் அன்றைய காளைகளுக்கு முன் நின்றிருப்பார்களா என்பதே அது. தீர்ப்பு சொல்ல வழியில்லை. ஏனெனில் அன்று எண்ணிக்கை இல்லை. கொம்பில் கட்டிய சல்லிக்காசை அவிழ்த்தவன் வீரன்; அவ்வளவுதான். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் பிச்சி வருவது தன் தந்தையைக் குத்திய காரி என்னும் ஒரே காளைக்காக. எத்தனை என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. எது என்பதே கேள்வி.

இன்று எண்ணிக்கை வந்துவிட்டது. அலங்காநல்லூரில் 2023-இல் முதலிடம் பெற்றவர் பிடித்தவை 26 காளைகள். 2024-இல் முதலிடம் பெற்றவர் பிடித்தவை 18. இதைக்கொண்டு முன்னவரே மேலான வீரர் என்று சொல்லிவிட முடியுமா? அவரவர் சுற்றில் வாசலைத் தாண்டி வந்த காளைகள் எவை என்பதை அறியாமல் சொல்வதற்கில்லை. எண் வந்தபின்னும் வழக்கு தீரவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது.

எண்களிலேயே வாழும் ஆட்டம் கிரிக்கெட். ஒவ்வொரு பந்தும் ஏட்டில் ஏறுகிறது. அங்கேயும் இதே வழக்கு ஒன்று முக்கால் நூற்றாண்டைக் கடந்து நடந்துவருகிறது. டொனால்ட் பிராட்மன் 52 டெஸ்ட் ஆட்டங்களில், 80 இன்னிங்ஸ்களில், 29 சதங்களோடு 6996 ஓட்டங்கள் எடுத்தார். சராசரி 99.94. 1948 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் எரிக் ஹோலிஸின் பந்தில் ஓட்டம் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். இன்னும் நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி சரியாக நூறு. உலகம் அந்த நான்கு ஓட்டங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. நாம் பேச வேண்டியது வேறோர் இடைவெளியைப் பற்றி என்று தோன்றுகிறது.

இன்றைய ஆட்டக்காரர் ஒருவர் இந்த உயரத்தைத் தொட முடியுமா? சிறிது காலம் தொட முடியும், தொட்டும் இருக்கிறார்கள். 1993-இல் வினோத் காம்ப்ளி இரண்டு இரட்டைச் சதங்களையும் இரண்டு சதங்களையும் அடுத்தடுத்துக் குவித்தபோது அவருடைய சராசரி நூறைத் தாண்டி நின்றது. இலங்கையின் கமிந்து மெண்டிஸ் 2024 செப்டம்பரில் தம் பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ஆயிரம் ஓட்டங்களை எட்டினார். பிராட்மனுக்கும் பதின்மூன்று இன்னிங்ஸ்களே தேவைப்பட்டன. 2019-இல் இங்கிலாந்து மண்ணில் ஸ்டீவ் ஸ்மித் நான்கே டெஸ்டுகளில் 774 ஓட்டங்களை 110.57 சராசரியில் எடுத்தார். ஆனால் காலம் நீளும்போது எண் இறங்குகிறது. காம்ப்ளி 17 டெஸ்டுகளோடு 54.20-இல் முடிந்தார். டெண்டுல்கர் 200 டெஸ்டுகள் ஆடி 53.78-இலும், சங்கக்காரா 134 டெஸ்டுகள் ஆடி 57.40-இலும் நிறைவுசெய்தார்கள். மலையேறுவது ஒன்று, மலையிலேயே குடியிருப்பது வேறு.

இதற்கு எளிய விடையொன்று சொல்லப்படுவதுண்டு: அந்தக் காலம் எளிது. பிராட்மன் டெஸ்ட் ஆடியவை பத்தே மைதானங்கள். எல்லாம் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும். இந்தியாவில் அவர் ஒரு டெஸ்டும் ஆடியதில்லை. 52-இல் 37 ஆட்டங்கள் ஒரே எதிரியான இங்கிலாந்துடன். 1947-48-இல் அங்கு சென்ற அமர்நாத்தின் இந்திய அணிக்கு எதிராக அவர் சராசரி 178.75. இவையனைத்தும் உண்மையே. ஆனால் அதே காலத்தின் அதே களங்களில் நின்ற சட்கிளிஃப் 60.73-இல் நின்றார், ஹாமண்ட் 58.45-இல் நின்றார். காலம் எளிதென்றால் அவர்களுக்கும் எளிதாக இருந்திருக்க வேண்டும். பல்லாண்டு ஆடிய பெரும் மட்டையாளர்களுக்கும் பிராட்மனுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஓட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த நாற்பதுதான் உண்மையான சாதனை, அந்த நான்கல்ல.

இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொன்ன வாதம் உதவுகிறது. 1941-இல் டெட் வில்லியம்ஸ் .406 என்ற சராசரியை எட்டியபின், அமெரிக்கப் பெருங்கூட்டமைப்புகளில் ஒரு பருவம் முழுவதும் .400-ஐ எட்டியவர் யாருமில்லை. ஆட்டம் தாழ்ந்துவிட்டதாலன்று, எல்லோரும் உயர்ந்துவிட்டதால் என்றார் கூல்ட். பயிற்சியும் தேர்வும் பரவப் பரவ, பலவீனமான எதிரிகள் மறைகிறார்கள். தலைசிறந்தவருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் உள்ள தூரம் சுருங்குகிறது.

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1934 நவம்பர் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் அணி இரு இன்னிங்ஸிலும் சுருண்டது, சென்னையின் ஏ.ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மேடு பள்ளம் மிகுந்த அந்தக் களத்தில்தான் விஜய் மெர்ச்சண்ட் ரஞ்சிக் கோப்பையில் 98.75 என்ற சராசரியைக் கட்டியெழுப்பினார். பிராட்மனின் எண்ணுக்கு இத்தனை அருகே வந்த இந்திய எண் இது. அதே மெர்ச்சண்டின் டெஸ்ட் சராசரி 47.72. களம் சமப்படும்போது எண்ணும் சமப்படுகிறது.

பிராட்மனும் ஒருமுறை அவ்வாறு இறக்கப்பட்டார். 1932-33-இல் ஜார்டைனின் இங்கிலாந்து அணி அவரை மனத்தில் கொண்டே உடலைக் குறிவைக்கும் பந்துவீச்சை வகுத்தது. அந்தத் தொடரில் அவர் சராசரி 56.57. இன்றைய பெரும் மட்டையாளர்கள் வாழ்நாள் முழுவதும் நிற்கும் அதே இடம்! இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஒன்றை நினைக்கத் தூண்டுகிறது. இன்றைய மட்டையாளருக்கு எதிராக ஒவ்வொரு அணியும் ஒளிப்பதிவுகளைப் பார்த்து, எந்தப் பந்தில் தடுமாறுகிறார் என்று கணக்கிட்டு, தனித்தனி வியூகத்தோடு வருகிறது. பிராட்மன் ஒரு கோடையில் எதிர்கொண்டதை, உடல்மீதான அந்தத் தாக்குதல் நீங்கலாக, இவர்கள் ஆண்டு முழுவதும் எதிர்கொள்கிறார்கள்.

ஆகவே 99.94-ஐ இனி ஒருவர் நீண்ட ஆட்டவாழ்வில் எட்டுவார் என்று நாம் நம்பவில்லை. ஆனால் அது இன்றைய தலைமுறையின் தாழ்வு அன்று; அவர்களை எதிர்த்து நிற்பவர்களின் உயர்வு. ஐம்பத்தைந்தைப் பிடித்து நிற்பவரை அரைப் பிராட்மன் என்று சொல்வது கணக்காகலாம், வரலாறாகாது.

இன்னொன்றும் உண்டு. ஏடு, அதில் இடம்பெற்றவர்களை மட்டுமே ஒப்பிடும். பிராட்மனும் போரில் ஆண்டுகளை இழந்தவர்தான். ஆயினும் 52 டெஸ்டுகள் அவருக்குக் கிடைத்தன. 1933 முதல் 1951 வரை நீண்ட ஆட்டவாழ்வில் மெர்ச்சண்டுக்குக் கிடைத்தவை பத்தே டெஸ்டுகள். 60.83 சராசரி கொண்ட ஜமைக்காவின் ஜார்ஜ் ஹெட்லிக்கு 1930 முதல் 1954 வரை 22. சேப்பாக்கத்தில் அன்று 11 விக்கெட் சாய்த்த ராம்சிங்குக்கு ஒன்றுகூட இல்லை. அவர் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னர் இந்தியாவுக்காக ஆடினார்கள். பிராட்மனை யார் எட்டுவார் என்று கேட்கும் நாம், எட்டிப்பார்க்கும் வாய்ப்பே யாருக்குக் கிடைக்கவில்லை என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஏட்டில் விடை இருக்கிறது. இரண்டாவதற்கு, அலங்காநல்லூரின் பழைய வீரர்களுக்குப் போலவே, நினைவு ஒன்றுதான் ஏடு.