பெங்களூரு பிளேக்கும் உடலின் நினைவும்

1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூரை வந்தடைந்தது. ஈராண்டுகளுக்கு முன் பம்பாயில் தலைகாட்டிய நோய் அது. பேட்டையின் நெருக்கமான தெருக்களிலும் தண்டுப் பகுதியின் குடியிருப்புகளிலும் மக்கள் மடிந்தனர். எஞ்சியோர் ஊரை விட்டு அகன்றனர். இந்நகரில் இன்றும் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் அவ்வச்சத்தின் சாட்சி.

அன்று தடுப்பு மருந்தென இருந்தது ஹாஃப்கின் ஊசி. ஒடெசாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின், வெப்பத்தால் கொல்லப்பட்ட பிளேக் கிருமிகளைக் கொண்டு அதனை ஆக்கினார். 1897 சனவரி 10 அன்று பம்பாயில் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

செத்த கிருமி எவ்வாறு காக்கும்? அதன் முழு விடை அக்காலத்தார்க்குத் தெரியாது. நம் குருதியில் உலவும் பி அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே இனங்காணும். கிருமியின் கூற்றோடு பொருந்திய அணு, உதவி டி அணுக்களின் துணையால் பல்கிப் பெருகுகிறது. அவற்றுட் சில எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சில நினைவணுக்களாகத் தங்குகின்றன. முதன்முறை ஒரு வாரத்துக்கும் மேலாகும் இவ்வேலை, மெய்யான கிருமி வரும்போது விரைந்தும் வலுத்தும் நடக்கிறது.

எல்லா நினைவும் ஒரு தரமன்று. அம்மைப்பாலில் இருப்பது உயிருள்ள வைரசு. அது அணுக்களுக்குள் பெருகுவதால் கொல்லும் டி அணுக்களும் விழித்தெழுகின்றன. காப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. கொன்ற பிளேக் கிருமியோ பெரும்பாலும் எதிர்ப்பொருளையே தூண்டுகிறது. அதன் காப்பு சில மாதங்களுக்கே, அதுவும் முழுமையன்று. ஆயினும் அவ்வளவே பல உயிர்களைக் காத்தது.

அந்நாளில் பெங்களூரில் பிளேக் பணியில் உழைத்தவர்களுள் ஒருவர் மருத்துவர் பத்மநாபன் பல்பு. 1863இல் திருவனந்தபுரத்தில் ஈழவர் குலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய பின்னும், சாதியின் பொருட்டுத் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை மறுத்தது. சென்னையில் அம்மைப்பால் தயாரிக்கும் பணியில் இருந்து, பின் மைசூர் அரசின் மருத்துவத் துறையில் சேர்ந்தார். 1896இல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழவர்களின் கையொப்பத்தோடு திருவிதாங்கூர் மன்னருக்கு விண்ணப்பம் அளிக்க முன்னின்றவரும் அவரே. ஹாஃப்கினுக்கும் யூதர் என்பதனால் உருசியப் பேரரசில் கல்விப் பதவிகளின் கதவு அடைபட்டிருந்தது.

ஊசியை ஆக்கியவரும், அந்நோயின் நடுவே நின்று பணியாற்றியவரும் பிறந்த நாட்டில் விலக்கப்பட்டவர்கள் என்பதைத் தற்செயல் என்று நான் கடந்து செல்ல இயலவில்லை. தடுப்பாற்றலின் முதற்பாடம் தன்னையும் பிறிதையும் பிரித்தறிதல். அவ்வறிவு பிறழ்ந்த உடல் தன் உறுப்பையே பகையெனத் தாக்கும். அதனை மருத்துவர் தன்னெதிர்ப்பு நோய் என்பர். தன் மருத்துவரையே தீண்டத்தகாதவர் என்று தள்ளிய சமூகத்தின் பிணிக்கும் வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஊசி இல்லை. நினைவு ஒன்றே உண்டு. அந்நினைவுக்காகவே இப்பதிவு.