கைமாறிக் கைமாறி நிலைத்த வீடு

சிட்னிக்கு மேற்கே, பரமட்டாவை ஒட்டிய ரோஸ்ஹில்லில், அலிஸ் தெருவில் ஒரு பழைய வீடு இருக்கிறது. மாடி கிடையாது. அகன்ற கூரை தாழ இறங்கி வராந்தாவை மூடுகிறது. முன்னால் தோட்டம் அடர்ந்திருப்பதால், தெருவில் போகிறவர்கள் கவனிக்காமலே கடந்துவிடலாம். எலிசபெத் பார்ம் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டிய குடியிருப்புகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதற்குள்தான் இருக்கிறது. நடந்து போகும் தொலைவில் ஹாரிஸ் பார்க். அங்கே வார இறுதியில் தோசைக்காகவும் சாட்டுக்காகவும் வரிசையில் நிற்கும் நம்மவர்களில் பலர் இந்த வீட்டுக்குள் போனதில்லை. ஆனால் இதன் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

வீட்டுக்கு முன்பே மண் இருந்தது; மண்ணுக்கு உரியவர்களும் இருந்தார்கள். தருக் மக்களில் பரமட்டகல் என்ற குலத்தார் இந்த ஆற்றங்கரையில் விலாங்கு பிடித்தும் கிழங்கு அகழ்ந்தும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1793 பிப்ரவரியில், கவர்னர் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் குரோஸ், ஜான் மெக்கார்தர் என்ற ராணுவ அதிகாரிக்கு இங்கே 100 ஏக்கரை மானியமாக எழுதிக் கொடுத்தார். மெக்கார்தர் தன் மனைவி எலிசபெத்தின் பெயரைப் பண்ணைக்கு வைத்தார். 1797இல் பெமுல்வுய் என்ற வீரர் தலைமையில் பழங்குடி மக்கள் பரமட்டாவிலேயே படையினரோடு மோதினார்கள். குண்டுக் காயங்களோடு பிடிபட்ட பெமுல்வுய் பின்னர் தப்பினார்; 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வீட்டின் வரலாற்றை எங்கிருந்து தொடங்கினாலும் அந்த ரத்தத்தைத் தாண்டி வர முடியாது.

1793இல் கட்டியபோது வீடு மிகச் சிறியது. அடுத்த ஆண்டு குடும்பத்தார் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்தில் அளவுகள் இருக்கின்றன: 68 அடி நீளம், 18 அடி அகலம், நான்கு அறைகள், ஒரு கூடம், ஒரு நிலவறை; சமையற்கட்டு தனி. சூளையில் சுட்ட செங்கல் சுவர். நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பில்தான் அந்தக் குடியேற்றமே நடந்தது. இந்தப் பண்ணையும் அதற்கு விலக்கல்ல. முகப்பை வடக்குப் பார்த்து வைத்தார்கள். தென் கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும். பின்னாளில் அந்த முகப்பில் வராந்தா வந்தது. மாடியில்லாத உடம்பு, தாழ்ந்த கூரை, சுற்றி நிழல் என்ற அந்த அமைப்பு, ஆங்கிலேயர்கள் இந்தியாவில் வெயிலோடு போராடிக் கற்றுக்கொண்ட பங்களாவின் சாயல். மதிய வெயிலில் வராந்தாவில் போய் நின்றால், நம் ஊர்த் திண்ணையில் ஒதுங்கியதுபோல உடம்பு ஆறுகிறது.

இந்தியாவின் பங்கு கூரையோடு முடியவில்லை. 1794 வாக்கில் மெக்கார்தர் 60 வங்காளச் செம்மறிகளை, பெட்டைகளும் குட்டிகளுமாக, வாங்கினார். கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தவை அவை. வெப்ப நாட்டு ஆடுகள். உடம்பில் முரட்டு முடிதான், கம்பளி கிடையாது. பிறகு அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவரிடம் இரண்டு பெட்டைகளும் ஓர் இளங்கிடாவும் கிடைத்தன. இரண்டு இனமும் கலந்து பிறந்த குட்டிகளின் மேல் முடியும் கம்பளியும் சேர்ந்து வளர்ந்திருந்தன. இந்த மண்ணில் நல்ல கம்பளி எடுக்கலாம் என்ற எண்ணம் மெக்கார்தருக்கு விழுந்தது அந்தக் குட்டிகளைப் பார்த்துத்தான். 1797இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து கடற்படை அதிகாரிகள் கொண்டுவந்த மெரினோ ஆடுகளில் சிலவற்றையும் அவர் வாங்கிச் சேர்த்தார். ஆஸ்திரேலியாவின் பெருஞ்செல்வமாக வளர்ந்த கம்பளித் தொழிலின் தொடக்கத்தில் வங்காளத்து ஆடுகளும் மேய்ந்தன என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

கம்பளித் தொழிலைத் தொடங்கிய புகழ் முழுவதும் மெக்கார்தர் பெயரிலேயே நிற்கிறது. 1966இல் வந்த இரண்டு டாலர் நோட்டில் மெரினோ கிடாவோடு அவர் படத்தைத்தான் அச்சிட்டார்கள். ஆனால் அவர் பண்ணையில் இருந்த ஆண்டுகளையும் இல்லாத ஆண்டுகளையும் கணக்குப் பார்க்கவேண்டும். 1801இல் தன் மேலதிகாரி பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டையிட்டுக் காயப்படுத்தியதால் விசாரணைக்கு இங்கிலாந்து அனுப்பப்பட்டார், திரும்பியது 1805இல். 1808இல் கவர்னர் பிளையைப் படையினர் கவிழ்த்த ‘ரம் கலக’த்தில் முன்னின்றதால், 1809இல் மறுபடி கப்பலேறினார், வந்தால் கைதாவோம் என்ற நிலையில் 1817 வரை அங்கேயே தங்கினார். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல்.

அந்த ஆண்டுகளில் பண்ணையை நடத்தியவர் எலிசபெத். டெவன் நாட்டுப்புறத்தில் பிறந்து, 1790இல் கைக்குழந்தையோடு கப்பலில் வந்து இறங்கியவர். ஒன்பது பிள்ளை பெற்று ஏழு பேரை வளர்த்தார். கோதுமை விதைப்பு, ஆள் கூலி, மந்தையைப் பிரித்து இனம் சேர்ப்பது, ரோமம் கத்தரித்து மூட்டை கட்டுவது, அதை லண்டனுக்கு ஏற்றுவது எல்லாம் அவர் பார்வையில் நடந்தன. கணவர் கடிதத்தில் யோசனை அனுப்புவார். அது வந்து சேரவே ஐந்தாறு மாதம் ஆகும். முடிவெடுத்தாகவேண்டியவர் கொட்டிலின் முன் நின்ற எலிசபெத். வேளாண்மையை மேம்படுத்தியதற்காகக் கவர்னர் மக்குவாரி அவருக்கு 600 ஏக்கர் கூடுதலாகக் கொடுத்தார். நோட்டில் அச்சாகவேண்டிய முகம் அவருடையது என்றே நான் நினைக்கிறேன்.

1820களின் பிற்பகுதியில் மெக்கார்தர் வீட்டைப் பெரிதாக்கத் தொடங்கினார். விருந்தறையும் வரவேற்பறையும் விரிந்தன. வராந்தாவுக்குத் திறக்கும் உயரமான கண்ணாடிக் கதவுகள் வந்தன. உள்ளூர்ச் செந்தேவதாருவில் கதவு நிலைகள் இழைக்கப்பட்டன. வேலை நடக்கும்போதே அவர் மனம் கலங்கிவிட்டது. 1832இல் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அறிவிக்கப்பட்டு, 1834இல் கேம்டனில் இருந்த தன் இன்னொரு பண்ணையில் இறந்தார். எலிசபெத் 1850இல் இறக்கும்வரை இதையே தன் வீடாக வைத்திருந்தார்.

அதன் பிறகு வீட்டுக்குக் கெட்ட காலம். சொந்தக்காரர்கள் கேம்டனில், இங்கே வாடகைக் குடித்தனம். 1881இல் பண்ணை நிலம் விலைபோய், துண்டு துண்டாக மனை பிரிந்தது. 1885இல் ரோஸ்ஹில் குதிரைப் பந்தயத் திடல் எழுந்தது. சிதைந்து கிடந்த வீட்டை 1904இல் ஸ்வான் என்ற ஆசிரியர் குடும்பம் சுமார் ஆறு ஏக்கர் நிலத்தோடு வாங்கியது. இந்த வீட்டின் இரண்டாவது உயிர் அங்கிருந்து தொடங்குகிறது. தந்தைக்குப் பிறகு மகள்கள் இங்கேயே இருந்து, ஒழுகிய இடத்தை அடைத்து, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிலும் ஆலையும் குடியிருப்பும் நெருக்கிய அறுபது ஆண்டுகளில், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எண்ணத்துக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

1968இல் ஸ்வான் குடும்பத்திடமிருந்து ஓர் அறக்கட்டளை வீட்டை வாங்கியது. 1977இல் நியூ சவுத் வேல்ஸ் மரபுடைமைச் சட்டம் வந்தது. மாநில மரபுடைமைப் பதிவேட்டைத் திறந்தால் முதல் எண்ணில் இந்த வீடுதான் இருக்கிறது. 1979இல் அரசு பொறுப்பேற்றுப் பழுதுபார்த்து, 1984இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

அப்போது எடுத்த ஒரு முடிவுதான் இந்த வீட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. மெல்பர்னின் கோமோ மாளிகையை 1959இல் தேசிய அறக்கட்டளை வாங்கியபோது, அங்கே வாழ்ந்த குடும்பத்தின் மேசை நாற்காலிகளும் சேர்ந்தே வந்தன. அப்படிப்பட்ட இடங்களில் பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும். எலிசபெத் பார்மில் மூலப் பொருள்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. அதனால் மெக்கார்தர் குடும்பத்து உடைமைகளைப் பார்த்து நகல்கள் செய்து வைத்தார்கள், கயிறு கட்டவில்லை. குழந்தைகள் சாப்பாட்டு மேசையில் உட்காரலாம், புத்தகத்தைப் புரட்டலாம், சமையற்கட்டில் பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்கலாம். சேர்ப்புச் சேர்ப்பாக வீடு வளர்ந்ததை உள்ளே நடந்தே உணரலாம்: பழைய அறைகள் குறுகலும் தாழ்வும், இரண்டு எட்டு வைத்துப் புது வரவேற்பறைக்குள் நுழைந்தால் கூரை உயர்ந்து வெளிச்சம் கொட்டுகிறது. தோட்டத்தில், இந்த நாட்டின் மிகப் பழைய ஆலிவ் மரங்களுள் ஒன்றாகக் கருதப்படும் மரம் இன்னும் துளிர்க்கிறது.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு வீடு சாகும் தருணம், கடைசியாகக் குடியிருந்தவர்களுக்கு முதுமை வரும்போது வருகிறது. 1968இல் வாங்க ஓர் அறக்கட்டளை முன்வராமல் இருந்திருந்தால் இன்று அலிஸ் தெருவில் அடுக்குமாடிதான் நின்றிருக்கும். செட்டிநாட்டில் அதே தருணம் இப்போது வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. பங்காளிகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் சிட்னியிலும். வீட்டில் ஒரு காவல்காரர். கடைசியில் பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் பெயர்ந்து காரைக்குடிக் கடைகளுக்குப் போகின்றன. யாழ்ப்பாணத்தில் போருக்குத் தப்பிய நாற்சார் வீடுகளிலும் பல, பூட்டிய பூட்டோடு ஒழுகுகின்றன.

இந்த வீடுகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்வான் சகோதரிகள் செய்ததைப்போல ஓட்டை அடைத்துக்கொண்டே இருப்பதுதான் முதல் வேலை. பங்காளிகள் ஒன்றுகூடி அறக்கட்டளையாகப் பதிவு செய்வது இரண்டாவது. பூட்டி வைக்காமல் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார விடுவது மூன்றாவது. ஊரிலிருந்து பெற்றோர் சிட்னிக்கு வரும்போது ஓபரா ஹவுஸ் காட்டிவிட்டு இந்த வீட்டுக்கும் அழைத்துப் போங்கள். நாற்காலியில் உட்கார வைத்து, நம் வீட்டை என்ன செய்யப்போகிறோம் என்று அங்கேயே பேசத் தொடங்குங்கள். பெற்றோர் இருக்கும்போது எடுக்கிற முடிவு வீட்டைக் காக்கும். அவர்களுக்குப் பிறகு எடுப்பது பெரும்பாலும் விலைபேசுவதாகவே முடிகிறது.