விடை அச்சிடாத பாடநூல்

விடையைப் பாடநூலே சொல்லிவிட்டால் மாணவனுக்கு எஞ்சுவது மனப்பாடம் ஒன்றுதான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இதை மாற்ற முனைந்தது. அதன் ‘பால் வைஞானிக்’ நூல்களில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. குழுவாக அமர்ந்து சோதனை செய்த குழந்தைகள், கண்டதைத் தம் சொற்களில் எழுதினர். தேர்வறைக்குள் புத்தகத்துக்கு அனுமதி உண்டு. செய்முறைத் தேர்வும் உண்டு. எஞ்சும் ஐயங்களைச் ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்துக்குக் கடிதமாக எழுதலாம்.

ஏறத்தாழ 1000 பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. கண்டதைத் தன் சொல்லில் எழுதும் பயிற்சியை அறிவியல் வகுப்பில் இழந்த மாணவன், மொழி வகுப்பில் மட்டும் அதை எவ்வாறு பெறுவான்? தமிழாசிரியர்களும் யோசிக்க வேண்டிய வினா இது.